இஜிஆர் வால்வுக் கோளாறுகள்: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

எஞ்சின் வெளியேற்றும் புகையில் ஒரு பகுதியை உள்ளே வரும் காற்றுடன் கலந்து மறுபடி சிலிண்டருக்குள் அனுப்பும் ஏற்பாடே இஜிஆர். எரிந்து முடிந்த புகை மீண்டும் எரியாது. வெப்பத்தை வாங்கிக்கொண்டு எரிகலத்தின் உச்ச வெப்பநிலையைத் தணிக்கும். ஏறக்குறைய 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் விரைந்து சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. மூச்சுக்குழாயை அரிக்கும் இந்த வாயுக்கள் வெயிலில் ஓசோன் உருவாகவும் காரணமாகின்றன. சென்னையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பதால் இஜிஆரின் சிறிய வால்வு இங்கே பெரிய வேலை செய்கிறது.

அமெரிக்கக் கார்களில் 1970களின் தொடக்கத்தில் பரவிய இந்த முறை, பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) மாசு விதிகள் இறுக இறுக இங்கும் நிலைபெற்றது. சென்னையில் 2010இல் பிஎஸ்-4, நாடு முழுவதும் 2020இல் பிஎஸ்-6 வந்தன. டீசல் கார் வெளியிடலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகக் குறைந்தது. கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட், 2017இல் கனரக லாரிகளுக்கே யூரியாக் கரைசல் இல்லாமல் இஜிஆரை நம்பி பிஎஸ்-4ஐ எட்டியது.

முழு ஆக்சிலரேட்டரில் இந்த வால்வு மூடிக்கொள்ளும். டீசல் காரில் ஊர்ந்து செல்லும்போதுதான் அதிகம் திறந்திருக்கும். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜிஎஸ்டி சாலையில் காலை நேரத்தில் கார்கள் ஊர்வதை நினைத்துப் பார்த்தால் வால்வில் படியும் கரி எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். அந்தக் கரி எஞ்சின் ஆயில் ஆவியுடன் சேர்ந்து தார் போல இறுகுகிறது. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ ஆகியவற்றில் ஓடிய 1,248 சிசி டீசல் எஞ்சினும் இதற்கு விலக்கல்ல.

வால்வு திறந்தபடி சிக்கினால் பிக்கப் போகும், கறுப்புப் புகை வரும், ஐடிலில் வண்டி குலுங்கும். மூடியபடி சிக்கினால் டீசல் கார் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. பெட்ரோல் எஞ்சினில் மட்டும் இழுவையின்போது தட்டும் சத்தம் கேட்கலாம். செக் என்ஜின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0401 வந்தால் புகை ஓட்டம் போதவில்லை என்று பொருள். பி0402 என்றால் ஓட்டம் அதிகம், பி0403 என்றால் மின்சுற்றில் பழுது.

இந்தப் பிழை எண்ணைப் பார்த்ததும் புது வால்வு வாங்குவது பணத்தை வீணாக்கும் வழி. பல டீசல் கார்களில் இஜிஆர் ஓட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. காற்று அளவு சென்சாரின் கணக்கிலிருந்தே கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. சென்சாரில் தூசி படிந்தாலும் பழி வால்வின் மேல்தான் விழும். எனவே முதலில் ஏர் ஃபில்டர், சென்சார், வெயிலில் வெடித்த வேக்குவம் குழாய், டர்போ குழாய்க் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிறகு ஐடிலில் ஸ்கேனர் மூலம் வால்வைத் திறக்கச் சொல்ல வேண்டும். உள்ளே வரும் காற்றின் அளவு குறைந்தால் வால்வும் பாதையும் சரி. குறையாவிட்டால் மட்டும் கழற்றலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரிப் பகுதிகளில் மூழ்கியவை போன்ற வண்டிகளில் கனெக்டர் பின்களின் பச்சைத் துருவையும் சந்தேகிக்க வேண்டும்.

கூலன்ட் காரணமில்லாமல் குறைந்தால், புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரைச் சோதிப்பது அவசரம். தாம்பரத்துக்குத் தெற்கே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆலை நடத்தும் பிஎம்டபிள்யூ, 2018இல் தென்கொரியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் கார்களைத் திரும்பப் பெற்றது. கூலரில் கசிந்த கூலன்ட் கரியுடன் சேர்ந்து தீப்பிடித்ததே அதற்குக் காரணம்.

தகடு வைத்து வழியை அடைத்து ‘பிளாங்க்’ போடும் வழக்கம் தவறானது. பியூசி எனப்படும் மாசுச் சான்றிதழ்ச் சோதனையில் டீசலுக்குப் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அல்ல. அதனால் அடைத்த வண்டியும் சான்றிதழ் பெற்றுவிடுகிறது. நஞ்சைச் சுவாசிப்பவர்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள்.

சுத்தம் செய்ய எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். கார்பரேட்டர் கிளீனர் தெளித்து, மோட்டார் பக்கம் நனையாமல், பிரஷ்ஷால் கரியை எடுக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. மாட்டியபின் ஸ்கேனரில் வால்வின் மூடிய நிலையைப் புதிதாகப் பதிய வைக்க வேண்டிய கார்களும் உண்டு. அதன்பிறகும் பி0401 திரும்பினால் கரி இன்டேக் மேனிஃபோல்டில் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.