மணலும் ஏடும் அச்சும்

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் மலேசியப் பள்ளிகள் மூடப்பட்டபோது, மாணவருள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரிடம் இணையவழிப் பாடம் கேட்பதற்குரிய கருவி ஒன்றேனும் இல்லை என்று கல்வியமைச்சின் கணக்கெடுப்புக் காட்டிற்று. கற்கும் கருவி சிலர்க்குக் கிட்டிப் பலர்க்குக் கிட்டாமற் போதல் தமிழ்க் கல்வி வரலாற்றில் புதுவதன்று. 19-ஆம் நூற்றாண்டில் அக்கருவி ஏடாகவும் அச்சுப் புத்தகமாகவும் இருந்தது.

திண்ணைப் பள்ளியின் முதற்படியில் இவ்வேற்றுமை இல்லை. சிறுவர் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினர். மணலுக்கு விலை ஏது? செல்வர் மகனும் உழவர் மகனும் அங்கே ஒரு நிரையினர். சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்துலாந்துப் பாதிரியார் இம்மணலெழுத்தைக் கண்டு வியந்து தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது இங்கிலாந்தின் ஏழைச் சிறுவர் பள்ளிகளில் 'சென்னை முறை' என்ற பெயரோடு பரவியது. இச்செய்தியை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்!

மணலைக் கடந்து இலக்கணத்திற்கும் காப்பியத்திற்கும் வந்தவனுக்கு ஏடு வேண்டும். ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, மை தடவி ஒரு பெருநூலைப் படியெடுப்பது நெடுநாள் உழைப்பு. ஏடுடையார் பலர் அதனைப் பிறர்க்குத் தரவும் மனங்கொள்ளார். 1812-இல் திருக்குறள் அச்சேறியது. 1835-இல் அச்சுத் தொழிலுக்கிருந்த தடைகள் நீங்கியபின் நாட்டினரின் அச்சுக்கூடங்கள் பெருகின. எனினும் சிற்றூர் மாணவனுக்கு அச்சுப் புத்தகம் நெடுங்காலம் அரும்பொருளாகவே இருந்தது.

இவ்விடர்ப்பாட்டைத் தம் இளமையில் நேரே பட்டவர் 1815-இற் பிறந்த திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தண்டியலங்காரம் கற்க அவர் விரும்பியபோது, அதனை அறிந்தவராகக் கிடைத்தவர் தெருத்தெருவாகப் பிச்சை ஏற்று உண்ட ஒரு பரதேசி. அவரோ எவரையும் எளிதில் மதியாதவர். இளைஞரான பிள்ளை அவர் பிச்சைக்குச் செல்லும் வீதிகளிலெல்லாம் உடன் நடந்து, அவர் மனங்குளிர ஒழுகி, அந்நூலைப் பாடங்கேட்டார். உ. வே. சாமிநாதையர் 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்ட பிள்ளையவர்கள் சரித்திரத்தில் இது கூறப்பட்டுள்ளது.

இங்ஙனம் அலைந்து கற்றவர் தம் மாணவரை அலையவிடவில்லை என்பதே நாம் கருதற்குரியது. வந்தவர்க்கெல்லாம் ஊதியம் கருதாது பாடஞ் சொன்னார். தாம் கடன்பட்ட நாளிலும் உடனிருந்த மாணவரைக் காத்தார். ஏடில்லாக் குறையை அவர் நினைவாற்றலே பெரும்பாலும் தீர்த்தது. 1871-இல் வறிய இளைஞராக மாயூரத்தில் அவரை அடைந்த சாமிநாதையர், 1876-இல் ஆசிரியர் மறையும் வரை உடனிருந்து கற்றார். பின்னர் அவரே ஏடு தேடி ஊர் ஊராகச் சென்று, 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிற் கொணர்ந்தார். ஏட்டளவிற் கிடந்த காப்பியம் அதனால் கல்லூரி மாணவர் கைக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வேறொரு வழி கண்டார். 1848-இல் வண்ணார்பண்ணையிற் பள்ளி தொடங்கியவர், மறு ஆண்டே சென்னை சென்று அச்சியந்திரம் கொண்டுவந்து, சிறுவர்க்கென்று பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். பள்ளி வைத்தாற் போதாது, பிள்ளை கையிற் புத்தகமும் இருத்தல் வேண்டும் என்பதை அவர் தெளிந்திருந்தார்.

பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டவருள் கிறித்தவரும் முசுலிம்களும் உண்டு. அவருள் ஒருவரான நாகூர் குலாம் காதிறு நாவலர் கடல் கடந்து பினாங்குக்கு வந்து, 1883-இல் 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் இதழை அச்சிட்டு நடத்தினார்.