விக்ராந்துக்கு வாங்கிய காய்கறி

போன வாரம் நம் ஏவுகணைப் படகுகளைக் கராச்சிக்கு அருகே விட்டுவந்தோம். அவை காத்திருக்கட்டும். ‘காஸி’யைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

1971 நவம்பர் 14-ல் கராச்சியிலிருந்து கிளம்பிய நீர்மூழ்கி அது. தேடி வந்தது நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. காஸி அமெரிக்கா கட்டிய கப்பல். 1964-ல் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்கு வந்தது. அவர்களின் நீர்மூழ்கிகளில் வங்கக்கடல்வரை வரும் தெம்பு அது ஒன்றுக்குத்தான் இருந்தது.

காஸி போன்ற டீசல்-மின்சார நீர்மூழ்கி எப்படி ஓடுகிறது என்பது கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரருக்குச் சட்டென்று பிடிபடும். கதவடைத்த மோட்டார் ரூமுக்குள் ஆயில் இன்ஜினை ஓட்ட முடியுமா? காற்று கிடைக்கும்போது டீசலை ஓட்டி பேட்டரியை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆழத்தில் முங்கிவிட்டால் அந்த பேட்டரிதான் கதி.

கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன்தான் என் கணக்கில் இந்த இந்திய-பாகிஸ்தான் போரின் நாயகன். விக்ராந்தின் கொதிகலனில் விரிசல். முழு வேகம் எடுக்காது. சென்னையில் நின்ற அதை அந்தமானுக்கு அனுப்பிவிட்டு, ‘ராஜ்புத்’ என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினம் பக்கம் விக்ராந்த் வேஷம் போடவைத்தார். ஓயாமல் வயர்லெஸ் பேச்சு. நடுவில், விக்ராந்த் மாலுமி ஒருவர் அனுப்பியது போல ஒரு தந்தி: உடம்புக்கு ரொம்ப முடியாமல் கிடக்கும் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? போர்க்கப்பல் இருக்குமிடத்தை அம்மாவின் பெயரில் கசியவிடுகிறார்! கான்ட்ராக்டர்களிடம் இறைச்சிக்கும் காய்கறிக்கும் பெரிய ஆர்டர் வேறு. சின்னமனூரில் ஒருவர் ஒரே நாளில் பத்து லோடு வாழைத்தார் கேட்டால், விடிவதற்குள் எந்த வீட்டுக் கல்யாணம் என்று ஊரே பேசாதா? கிருஷ்ணனுக்குச் சந்தையின் வாய் தெரிந்திருந்தது.

காஸி விசாகப்பட்டினத்துக்கு வந்தது.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, துறைமுகத்திலிருந்து வெளியேறிய ராஜ்புத், நீர் கலங்குவதைக் கண்டு ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டது. சிறிது நேரத்தில் கரையில் ஜன்னல்கள் அதிர்ந்தன; காஸி வெடித்து மூழ்கியது. அந்தக் குண்டா, காஸியே விதைத்த கண்ணிவெடியா, பேட்டரியிலிருந்து கசிந்த ஹைட்ரஜனா? வழக்கு இன்னும் தீரவில்லை. எது வெடித்திருந்தாலும், அந்த இடத்துக்கு அதை இழுத்துவந்ததில் கிருஷ்ணனின் பொய்களுக்குப் பங்குண்டு என்பதே என் முடிவு.

காஸியின் தலைவர் கமாண்டர் ஜாபர் முகமது கானை வில்லன் என்று எழுத என் கை வராது. பழைய கப்பலில் தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு எதிரியின் வாசலுக்கு வந்த மனிதர். அவரோடு தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் அடியில் போனார்கள். மீனவர்கள் கண்டெடுத்த லைஃப் ஜாக்கெட்டில் கப்பலின் பழைய அமெரிக்கப் பெயர் இருந்தது: டையாப்லோ.

கராச்சி அடுத்த வாரம்.

(தொடரும்)