யானைக் குட்டிக்கு வாய்த்த நண்பன்



மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் பெற்றோர், பிள்ளைகள் கார்ட்டூன் படத்தின் முன் அமர்ந்திருப்பதைக் கண்டால் கண்டிப்பார்கள். இல்லையேல், சத்தம் போடாமல் இருக்கிறார்களே என்று விட்டுவிடுவார்கள். கூட அமர்ந்து பார்ப்பவர் மிகச் சிலரே. சித்திரப் படம் என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்பது நம் எண்ணம். ஆனால் நட்பைப் பற்றி வள்ளுவர் ஐந்து அதிகாரங்கள் வகுத்துச் சொன்னவற்றுள் சிலவற்றை, இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும்படி காட்டிய படங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றான 'டம்போ'வின் வரலாற்றை இன்று சற்றே புரட்டிப் பார்ப்போம்.

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1937-இல் 'ஸ்னோ ஒயிட்' என்னும் தன் முதல் முழுநீளச் சித்திரப் படத்தை வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டியது. 1940-இல் வந்த 'பினோக்கியோ', 'ஃபேண்டேசியா' ஆகிய இரண்டுக்கும் செலவு மிகுதி. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தபடியால் அங்கிருந்து வரவேண்டிய வருமானம் தடைப்பட்டது, நட்டம் நேர்ந்தது. ஆகவே சிக்கனமாக ஒரு படம் எடுக்க முடிவு செய்தனர். ஹெலன் அபெர்சன், ஹெரால்டு பேர்ல் என்ற இருவர் எழுதிய சிறுவர் கதை ஒன்று கிடைத்தது. அதுவே 1941 அக்டோபர் 23-இல் 'டம்போ'வாகத் திரைக்கு வந்தது.

ஓடும் நேரம் 64 நிமிடம்தான். ஆனால் திரையில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் கடந்து போகின்றன. பெருக்கிப் பாருங்கள்: 92,160 சட்டங்கள்! கணினி இல்லாத அந்தக் காலத்தில் எல்லாமே கைவேலை. ஓவியர்கள் வரைந்த கோடுகளின்மேல் மை தீட்டி, வண்ணம் பூசும் பொறுமையான வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

கதை இதுதான். சர்க்கஸ் கூடாரத்தில் ஒரு தாய் யானைக்குக் குட்டி கிடைக்கிறது. தாய் வைத்த பெயர் ஜம்போ ஜூனியர். குட்டியின் காதுகளோ முறம் போல் பெரியவை. மற்ற யானைகள் அதைப் பார்த்துச் சிரித்து, 'டம்போ' என்று பெயரிடுகின்றன. ஆங்கிலத்தில் 'டம்' என்றால் மந்தபுத்தி என்றும் பொருள். குட்டியின் காதைப் பிடித்திழுத்துக் கேலி செய்த சிறுவனைத் தாய் தண்டிக்கிறாள். அதற்காக அவளை வெறி பிடித்த யானை என்று கூண்டில் அடைக்கிறார்கள். தன் இனமே ஒதுக்கிய அந்தக் குட்டிக்குத் துணையாக வருவது டிமோதி என்னும் ஒரு சுண்டெலி.

நாம் பணியாற்றிய தோட்டப் பள்ளியில் ஒருமுறை இப்படத்தை மாணவர்களுக்குக் காட்டினோம். பெரிய காதுகள் விரிந்ததும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம். படம் முடிந்தபின் ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, டம்போன்னு கேலி பண்றவங்கதானே பேர் வச்சாங்க? நாம ஏன் அதையே சொல்றோம்?" என்று கேட்டாள். நமக்குச் சுருக்கென்றது. ஏனெனில் அதே வகுப்பில் ஒரு காது சரியாகக் கேட்காத பையன் ஒருவன் இருந்தான். பிள்ளைகள் அவனைச் 'செவிடன்' என்றே அழைத்து வந்தனர். ஒருநாள் கோபத்தில் நாமும் அப்படியே அழைத்திருந்தோம். அன்று அவன் பேச்சின்றித் தலையைக் குனிந்துகொண்டது இன்றும் நினைவில் இருக்கிறது. படம் முழுவதிலும் டம்போ ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான். மறுநாள் முதல் அவனை அவனுடைய பெயரைச் சொல்லியே அழைத்தோம். முன்வரிசையில் இடமும் கொடுத்தோம். அதை முன்பே செய்திருக்க வேண்டும்.

சுண்டெலி டிமோதி அப்படி என்னதான் செய்தது? ஊரே சிரிக்கும்போது அது சிரிக்கவில்லை. இரவு நேரத்தில் குட்டியைத் தாயின் கூண்டருகே அழைத்துச் சென்றது; கம்பிகளுக்கிடையே தும்பிக்கையை நீட்டித் தாய் பிள்ளையைத் தழுவுகிறாள். பின்னர், "இது மந்திர இறகு, இதைப் பிடித்துக்கொண்டால் நீ பறக்கலாம்" என்று ஒரு காக்கை இறகைக் கொடுத்துத் துணிவூட்டியது. உயரத்திலிருந்து குதிக்கும் ஆபத்தான வேளையில் இறகு நழுவிவிட, "மந்திரமெல்லாம் பொய், உன்னால் பறக்க முடியும்" என்ற உண்மையை உரைத்தது. அவ்வேளையில் சுண்டெலியும் டம்போவின் தொப்பியில்தான் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நண்பன் விழுந்தால் தானும் விழுவோம் என்ற நிலையில் உடன் நிற்பதே நட்பு.

நேயர்களே, இத்தனை நல்ல படத்திலும் குறை உண்டு. பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டும். மழையிரவில் கூடாரம் அமைக்கும் கறுப்பினத் தொழிலாளர்களை இப்படம் காட்டுகிறது. அவர்களுக்கு முகமே வரையப்படவில்லை. கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. டம்போவுக்கு இறகு தந்து உதவும் காகங்களும் கறுப்பின மக்களின் பேச்சையும் நடையையும் கேலி செய்யும் விதமாகவே படைக்கப்பட்டன. தயாரிப்பின்போது தலைமைக் காகத்துக்கு வைத்த பெயர் 'ஜிம் குரோ'. கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு அமெரிக்காவில் வழங்கிய பெயர் அது! யாரையும் கேலி செய்யாதே என்று போதித்த படமே ஓர் இனத்தைக் கேலி செய்தது. 2020-இல் அந்நிறுவனமே இத்தகைய சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்னும் கருத்துப்பட ஓர் அறிவிப்பை இப்படம் உள்ளிட்ட சில பழைய படங்களோடு சேர்த்தது.

படத்தை வரைந்தவர்களும் கூலிக்கு உழைத்தவர்களே. ஊதிய ஏற்றத்தாழ்வும், சங்கத்தில் முன்னின்ற ஓவியர் ஆர்ட் பாபிட்டும் வேறு சிலரும் நீக்கப்பட்டதும் காரணமாக, 1941 மே 29-இல் டிஸ்னி ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முடிவில் நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. படத்தில் கோமாளிகள் கூடி முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கப் புறப்படும் காட்சி, வேலைநிறுத்தம் செய்தவர்களைக் குத்திக்காட்டுவது என்று பலரும் கருதுகின்றனர்.

அதே 1941-ஆம் ஆண்டு மே மாதம் நமக்கும் மறக்க முடியாதது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் நியாயமான கூலி கேட்டனர். பிள்ளைகளுக்குத் தக்க தமிழ்க் கல்வி கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். தலைவர் ஆர்.எச். நாதன் மே 5-இல் கைது செய்யப்பட்டதும், அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். துணை நின்றால் துன்பம் வரும் என்று தெரிந்தும் துணை நின்ற அந்த மக்கள், டிமோதியின் கதையைத் திரையில் கண்டவர்கள் அல்லர். ஆனால் அதன் பொருளை வாழ்ந்து காட்டியவர்கள்.

நம் நாட்டுச் சித்திரப் படங்களும் பின்னர் வளர்ந்தன. முதல் மலேசியச் சித்திரப் படம் எனப்படும் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' 1978-இல் ஃபிலெம் நெகாராவில் உருவானது. உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். 2007-இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரில் தாய் தந்தையற்ற இரட்டையரோடு மெய் மெய், ஜர்ஜிட் சிங், ராஜு என்று பல இனத்துப் பிள்ளைகள் ஒரே கம்பத்தில் கூடி விளையாடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் முகம் உண்டு, பெயர் உண்டு. இது சிறிய முன்னேற்றம் அன்று.

ஆகவே பெற்றோர்களே, வாரத்தில் ஒருநாளாவது பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு படம் பாருங்கள். முடிந்தபின் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? அவனுக்குத் துணையாக வந்தது யார்? முகமே காட்டப்படாதவர்கள் யாராவது உண்டா? பிள்ளை யோசித்துப் பதில் சொல்லட்டும். பிறகு நான்காவது கேள்வியை மெதுவாகக் கேளுங்கள்: "உன் வகுப்பில் பட்டப்பெயர் சொல்லி அழைக்கப்படும் பிள்ளையின் உண்மையான பெயர் உனக்குத் தெரியுமா?"