‘அரிது’ என்று அச்சடித்தால் அரிதாகிவிடுமா?

எங்கள் காலத்துப் பையன்களுக்குச் சிகரெட் அட்டைதான் பணம். பெரியவர்கள் ஊதிவிட்டு எறிந்த பெட்டியைப் பொறுக்கி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கிழித்து, கத்தையாக டவுசர் பையில் வைத்திருப்போம். மண்ணில் வட்டம் போட்டு, நடுவில் அட்டைகளை வைத்து, தள்ளி நின்று ஓட்டாஞ்சில்லால் அடிக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே போனது அடித்தவனுக்கு. சார்மினாரும் சிசர்ஸும் தெருவெல்லாம் கிடக்கும் என்பதால் அவற்றுக்கு மதிப்புக் குறைவு. கோல்டு பிளேக் ஒரு படி மேலே. சிங்கப்பூரிலிருந்து வந்தவர் யாராவது எறிந்த 555 அட்டை கிடைத்துவிட்டால், அன்று அவன்தான் தெருவுக்கு ராஜா. இந்த விலைப்பட்டியலை எந்தக் கம்பெனியும் அச்சடித்துத் தரவில்லை. எது அரிது என்பது பொறுக்கித் திரிந்த எங்களுக்கே தெரியும்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் ஒரு ‘லிமிடெட் எடிஷன்’ போக்கிமான் கார்டு வாங்க வேண்டும் என்கிறான். தீபாவளிக்கு எல்லாரும் கையில் வைத்த காசு 5,000 ரூபாயையும் அதில் போட வேண்டுமாம். “பத்து வருஷம் கழிச்சு லட்சத்துக்குப் போகும் தாத்தா” என்கிறான். மாப்பிள்ளை கூடவே கூடாது என்கிறார். மகளோ, அவன் காசு, அவன் வாங்கட்டும் என்கிறாள். இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. கடைசியில் வழக்கு என்னிடம் வந்தது. தீர்ப்புச் சொல்வதற்கு முன் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

இந்த அட்டைகளின் பூர்வீகமும் சிகரெட் பெட்டிதான். அந்தக் காலத்தில் சிகரெட் மெல்லிய காகித உறையில் வந்தது. உள்ளே இருப்பது நசுங்காமலிருக்க ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். 1880களில் அமெரிக்காவின் ஆலன் அண்ட் ஜின்டர் போன்ற கம்பெனிகள் அந்த வெற்று அட்டையில் நடிகைகள், விளையாட்டு வீரர்கள், பறவைகள் என்று படம் போட ஆரம்பித்தன. ஐம்பது படத்தையும் சேர்க்க வேண்டும் என்ற ஆசையில் வாங்குபவர் அதே சிகரெட்டையே வாங்குவார். இங்கிலாந்தின் வில்ஸ் கம்பெனியும் இதையே பிடித்துக்கொண்டது. ஆக, அட்டை என்பது இலவச இணைப்பு. யாரும் அதைச் சொத்தாக நினைக்கவில்லை.

அந்த இலவச இணைப்புகளில் ஒன்றுதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட பேஸ்பால் வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை அது. தன் படம் போட அவர் சம்மதிக்காததால் அச்சடிப்பை நிறுத்திவிட்டார்கள். அவர் மறுத்ததற்குக் காரணம் புகையிலையா, பணமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. மிஞ்சியவை சுமார் அறுபது. அதில் ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குக் கை மாறியது.

இன்னொன்று டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனியின் 1952ஆம் வருஷத்து மிக்கி மேண்டில் அட்டை. அந்த வருஷத்துக் கடைசி வரிசை தாமதமாகக் கடைக்கு வந்ததால் விற்காமல் தேங்கிவிட்டது. கிட்டங்கியில் இடத்தை அடைக்கிறது என்று 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தப்பியவற்றில் நல்ல நிலையில் இருந்த ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு, அதாவது சுமார் 100 கோடி ரூபாய்க்கு, ஏலம் போனது.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. அட்டை அல்ல, அஞ்சல் தலை. 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தியடிகள் நினைவாக நான்கு தலைகள் வெளியாயின. சுவிட்சர்லாந்தில் அச்சானவை. அதில் பத்து ரூபாய்த் தலையில் நூறை மட்டும் எடுத்து, கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சு போட்டார்கள். அப்போது கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி. அந்தத் தலைகள் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017இல் லண்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ் மூலம் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. நம் கணக்கில் நான்கு கோடிக்கு மேல்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். எதுவுமே ‘அரிய பொருள், வாங்கி வையுங்கள்’ என்று விற்கப்பட்டதல்ல. ஒன்று நிறுத்தப்பட்டது, ஒன்று கொட்டப்பட்டது, ஒன்று கடைக்கே வரவில்லை. காலம்தான் அவற்றை அரிதாக்கியது.

‘வாங்கி வையுங்கள்’ என்று விற்றபோது என்ன நடந்தது? 1980களில் பழைய பேஸ்பால் அட்டைகளின் விலை ஏறுவதைப் பார்த்த அமெரிக்கப் பெற்றோர், பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று புது அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் அடுக்கினார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்தன. எல்லார் வீட்டிலும் பத்திரமாக இருக்கிற பொருள் எப்படி அரிதாகும்? 1994இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் மோகம் இன்னும் வடிந்தது. அந்தக் காலத்து அட்டைகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயரே ‘குப்பைக் காலம்’ என்பதுதான்.

போக்கிமான் அட்டை 1996இல் ஜப்பானில் பிறந்தது. கொரோனா சமயத்தில் அதன் மோகம் தலைக்கேறி, 2021 மே மாதம் டார்கெட் என்ற அமெரிக்கக் கடை, வாடிக்கையாளர்களுக்குள் அடிதடி நடந்ததால், கடைகளில் அதை விற்பதையே நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் மட்டும் அச்சான போக்கிமான் அட்டைகள் 900 கோடிக்கு மேல். உலக ஜனத்தொகைக்குத் தலைக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சமாகும்.

விதிவிலக்கு இல்லையா என்றால் உண்டு. 2023இல் ‘மேஜிக்’ என்ற அட்டை விளையாட்டில் ஒரே ஒரு ‘ஒன் ரிங்’ அட்டையை அச்சடித்து ஏதோ ஒரு பொட்டலத்தில் ஒளித்துவைத்தார்கள். கண்டெடுத்தவரிடமிருந்து பாடகர் போஸ்ட் மலோன் அதை சுமார் 20 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஆனால் அது லாட்டரி. விழுந்தவர் ஒருவர், பொட்டலம் வாங்கியவர்கள் லட்சக்கணக்கானோர். போக்கிமானிலேயே மிகப் பெரிய விலைக்குப் போன ‘பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்’ கூட ஜப்பானில் ஓவியப் போட்டியில் ஜெயித்த பிள்ளைகளுக்குக் கொடுத்த பரிசு. கடையில் விற்றதே இல்லை.

‘விலை ஏறத்தான் செய்யும், இறங்காது’ என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் தேக்கு மரத் திட்டம், 2012இல் பெருந்துறை ஈமு கோழி என்று பார்த்தவர்கள் நாம். ஸ்பெயினில் இதையே அஞ்சல் தலையில் செய்தார்கள். 2006 மே மாதம் இரண்டு கம்பெனிகளில் போலீஸ் நுழைந்தபோது, தலைகளை நம்பிப் பணம் போட்டிருந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல்.

இன்னொரு விஷயம், விற்பது. வாங்குவதற்கு ஆயிரம் வழி, விற்பதற்கு? நம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய நாணயம், ஸ்டாம்பு விற்பவரிடம் நீங்கள் வாங்கும்போது ஒரு விலை. அதையே மறுவாரம் திருப்பிக் கொண்டுபோனால் வேறு விலை. கார்டுக்கும் அதே கதிதான். நல்ல விலை வேண்டுமென்றால் அது அசல், மூலை மடங்காதது என்று பிஎஸ்ஏ போன்ற அமெரிக்க நிறுவனத்திடம் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்க வேண்டும். அந்தக் கட்டணமும் தபால் செலவும் சேர்ந்தால் லாபத்தில் பாதி போய்விடும். போலிகளும் ஏராளம்.

இதையெல்லாம் சொன்னதும் பேரன் மடக்கினான். “அப்போ நீங்க மட்டும் ஏன் ஸ்டாம்பு வாங்கறீங்க?” நியாயமான கேள்வி. 2006 டிசம்பரில் சந்தன வாசனையோடு 15 ரூபாய்த் தலை வந்தபோது, அண்ணா சாலைத் தபால் நிலையத்துக்குப் போய் வாங்கி வந்தவன் நான். வாசனை எப்போதோ போய்விட்டது. விற்றால் என்ன வரும் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. ஆல்பத்தைத் திறந்தால் அரை மணி நேரம் சந்தோஷமாகப் போகிறது, அதற்குத்தான் அந்தப் பதினைந்து ரூபாய்.

ஆகவே தீர்ப்பு இப்படி: விளையாட, நண்பர்களோடு மாற்றிக்கொள்ள, 500 ரூபாய்க்குச் சாதாரணக் கட்டு வாங்கலாம். பாக்கி 4,500 அவன் பெயரில் தபால் நிலையக் கணக்குக்கு. அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. இருந்தாலும் தீர்ப்பை மாற்றவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்த வழக்கு வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாளைக்கே இதன் விலை பூஜ்யமானாலும் இது உன்னிடம் இருப்பதில் உனக்குச் சந்தோஷமா? ஆமாம் என்றால், பொம்மைக்குச் செலவழிக்கும் அளவுக்குச் செலவழிக்கட்டும். லாபத்துக்காகத்தான் என்றால் வேண்டாம். லிமிடெட் எடிஷனில் நிச்சயமான லாபம், அதை விற்ற அன்றைக்கே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.