சக்கரத்தின் காலணி



வேலூரிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஆம்பூரையும் வாணியம்பாடியையும் கடந்து செல்கிறது. பதனிட்ட தோலாலும் காலணிகளாலும் கடல் கடந்து பெயர் பெற்ற ஊர்கள் இவை. காலணி செய்யும் தொழிலாளி தோலை வெட்டுவதற்கு முன்னரே ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புவார். இதை அணிந்துகொள்பவர் எத்தகைய நிலத்தில் நடக்கப் போகிறார் என்பதே அது. சேற்றில் நடப்பவருக்கு ஒரு காலணி, மலையேறுபவருக்கு வேறொரு காலணி, பளிங்குத் தரையில் நடப்பவருக்கு மற்றொரு காலணி. மோட்டார் வண்டியின் சக்கரத்துக்கும் காலணி உண்டு. அதனையே நாம் டயர் என்கிறோம். நிலத்துக்கும் பருவத்துக்கும் பொருந்துமாறு அக்காலணியைத் தேர்ந்தெடுக்க மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான் என்பதே இன்றைய பேச்சின் பொருள். அவ்வரலாற்றின் தொடக்கத்தில் தோலுக்கும் ஓர் இடமுண்டு.

நம் நாட்டு மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். தச்சர் மரத்தால் சக்கரம் செய்தார். கொல்லர் அதற்கு இரும்புப் பட்டை கட்டினார். பட்டையை நெருப்பிலிட்டுக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த பட்டையைச் சக்கரத்தில் மாட்டி நீரூற்றிக் குளிர்வித்தால், சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இப்பட்டை நெடுநாள் உழைத்தது. ஆனால் பாதையை அறுத்தது. பாரம் மிகுந்தபோது ஆழமான தடம் பதித்தது. ஏறியிருப்போரின் எலும்பையும் குலுக்கியது. தேயாமை ஒன்றே நல்ல சக்கரத்துக்குரிய இலக்கணமன்று என்பதை மக்கள் இதிலிருந்து உணர்ந்தனர்.

இக்குறையை நீக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர். 1845-ஆம் ஆண்டில், தமது இருபத்து மூன்றாம் வயதில், காற்றடைத்த சக்கரத்துக்கு அவர் காப்புரிமை பெற்றார். ரப்பர் ஏற்றிய துணியாலான குழாயில் காற்றை நிரப்பி, அதன்மேல் தடித்த தோலுறை ஒன்றைப் போர்த்திச் சக்கரத்தோடு பிணைத்தார். 1847-இல் இலண்டன் நகரத்துப் பூங்காவொன்றில் குதிரை வண்டிகளில் இச்சக்கரங்கள் சோதிக்கப்பட்டன. அவை ஓசையின்றி ஓடியது கண்டோர் வியந்தனர். உள்ளே காற்றைத் தாங்கியது ரப்பர். வெளியே கல்லையும் மண்ணையும் தாங்கியது தோல்.

இவ்விரு பொருள்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பச்சைத் தோல் ஈரத்தில் அழுகும்; உலர்ந்தால் விறைக்கும். ஆவாரம்பட்டை முதலியவற்றின் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட பின்னரே அது அழுகாத தோலாகிறது. வட ஆர்க்காட்டுப் பகுதியில் இத்தொழில் வேரூன்றுவதற்கு ஆவாரம்பட்டை பேருதவி புரிந்தது. ரப்பரின் இயல்பும் ஏறக்குறைய இத்தகையதே. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பார் 1839-ஆம் ஆண்டில், ரப்பருடன் கந்தகத்தைக் கலந்து சூடேற்றினால் இக்குறை நீங்கும் எனக் கண்டார். 1844-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தோலுக்குப் பதனிடுதல் எத்தகையதோ, ரப்பருக்குக் கந்தகமேற்றுதல் அத்தகையது. இயற்கை தந்த பொருளைப் பருவத்தின் கொடுமையிலிருந்து காப்பதே இரண்டின் நோக்கமுமாகும்.

தாம்சனின் சக்கரம் நாளடைவில் மறக்கப்பட்டது. 1888-இல் பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றுக்குழாய் டயரை மீண்டும் கண்டார். 1895-இல் பாரிசுக்கும் போர்தோவுக்குமிடையே நடந்த பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினர். அதன்பின் புதிய இடரொன்று தோன்றியது. அக்காலத்து டயர்கள் வழவழப்பானவை. மழை நனைத்த கற்சாலையில் அவை வழுக்கின. இலாட ஆணிகள் குத்திக் கிழிந்தன. இதற்கு மருந்தாக மீண்டும் தோலையே நாடினர். எஃகுக் குமிழாணிகள் பதித்த தோற்பட்டையை டயரின்மேல் போர்த்தினர். 1905-ஆம் ஆண்டையொட்டி மிஷெலின் நிறுவனம் வெளியிட்ட இத்தகைய டயருக்குச் ‘செமெல்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல் காலணியின் அடித்தோலைக் குறிக்கும்!

எனினும் தோல் சக்கரத்தில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. விரைந்து ஓடும் டயர் சூடேறும், சாலை நீரில் நனையும், மீண்டும் உலரும். இம்மாறுதல்களைத் தாங்கத் தோலால் இயலவில்லை. 1904-இல் ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் ரப்பரிலேயே வரிப்பள்ளங்கள் அமைத்த கார் டயரை உருவாக்கியிருந்தது. அவ்வழியே வென்றது. தோல் காலுக்குத் திரும்பியது. ரப்பர் சக்கரத்தைத் தனதாக்கிக்கொண்டது.

அதே ஆண்டில் வேல்ஸ் நாட்டு லனெல்லி என்னும் ஊரில் டேவிஸ் சகோதரர்கள், வழியில் டயர் பழுதானால் பூட்டிக்கொள்ள உதவும் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றனர். அவர்களின் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. நம் ஊர் ஓட்டுநர்கள் மாற்றுச் சக்கரத்தை இன்றும் ‘ஸ்டெப்னி’ என்றே வழங்குகின்றனர். எங்கோ ஒரு சிற்றூர்த் தெருவின் பெயர் நம் சாலைகளில் வாழ்வது வியப்பன்றோ?

இனி, பனி நாட்டைப் பார்ப்போம். பின்லாந்தில் குளிர்காலத்தில் சாலைகளைப் பனி மூடிக்கிடக்கும். அங்குள்ள ரப்பர் தொழிற்சாலையொன்று 1934-இல் லாரிகளுக்கெனக் குளிர்கால டயரைச் செய்தது. 1936-இல் கார்களுக்குரிய டயரையும் வெளியிட்டது. கந்தகமேற்றிய ரப்பரும் கடுங்குளிரை முற்றிலும் வென்றதன்று. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, கோடைக்கான டயரின் ரப்பர் மெல்ல மெல்ல இறுகித் தரையைப் பற்றும் ஆற்றலை இழக்கத் தொடங்கும். ஆதலின் குளிர்கால டயருக்கு, குளிரிலும் நெகிழ்ச்சி குன்றாத கலவை வேண்டும். அதன் மேற்பரப்பில் மயிரிழை போன்ற நுண்ணிய வெட்டுகள் பல இருக்கும். அவை பனியைக் கவ்விப் பிடிக்கும்.

கல்வி பெறவோ தொழில் செய்யவோ அந்நாடுகளுக்குச் செல்லும் நம்மவர் இதனை அறிந்திருத்தல் நலம். ஜெர்மனியில் பனி படர்ந்த சாலையில் அதற்குரிய டயரின்றிக் கார் ஓட்டலாகாது என 2010-இல் விதி தெளிவாக்கப்பட்டது. மூன்று சிகரமுடைய மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த அடையாளம், பனிச் சோதனையில் தேறிய டயரைக் காட்டும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகை டயரைப் பூட்டுதல் வேண்டும். இரண்டுக்கு மட்டும் பூட்டினால் ஒரு முனை தரையைப் பற்ற, மறுமுனை வழுக்கும். பலர் குளிர்காலத்துக்கென எஃகுச் சக்கரங்களின் தொகுதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்கின்றனர். அதனால் பருவந்தோறும் டயரைக் கழற்றி மாட்ட வேண்டுவதில்லை. அழகிய உலோகக் கலவைச் சக்கரங்களும் சாலையில் தூவும் உப்பினின்று தப்புகின்றன. ஒரு கார் முழுவதும் தரையைத் தொடுவது உள்ளங்கையளவான நான்கு இடங்களில்தான். உள்ளிருப்போர் அனைவரின் உயிரும் அந்த நான்கு உள்ளங்கைகளிலேயே இருக்கிறது.

ஆயினும் பற்றுறுதி ஒன்றையே எண்ணித் தேர்ந்தால் வேறொரு தீங்கு விளையும். பழைய தோற்பட்டையிலிருந்த எஃகாணி, 1960-களில் குளிர்கால டயரில் பரவலாக மீண்டும் வந்தது. பனிக்கட்டியில் அது உதவியது. பனியற்ற சாலையையோ அரித்துத் தள்ளியது. ஆகவே 1975-இல் மேற்கு ஜெர்மனி அதனைத் தடைசெய்தது. ஒருவரின் பாதுகாப்புக்கான விலையை ஊரார் அனைவரும் சாலையில் செலுத்த நேர்ந்தமையே காரணம். பாலாற்றங்கரையில் வாழ்வோருக்கு இக்கணக்கு புதிதன்று. தோல் நமக்கு வாழ்வு தந்தது. தோற்கழிவோ ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைக் கொடுத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஒரு பொருளின் நன்மையை மட்டுமன்றி, அது தேய்ந்தும் கழிந்தும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் எண்ணித் தேர்வதே அறிவுடைமை.

டயர்த் தொழில் இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று. சென்னைத் திருவொற்றியூரில் 1946-ஆம் ஆண்டு பலூன் செய்யும் சிறு தொழிலாகக் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கியது, 1952-இல் தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் ரப்பரையும், 1961-இல் டயரையும் செய்யும் நிறுவனமாக வளர்ந்தது. அதுவே எம்.ஆர்.எஃப். பின்னர் அரக்கோணத்தருகிலும் அது தொழிற்சாலை அமைத்தது.

வேலூரின் கோடையோ நாற்பது டிகிரியையும் கடக்கும். பனிக்கென மென்மையாகச் செய்த டயரை இங்கே பூட்டினால் அது விரைவில் தேயும். தடை போட்டதும் வண்டி உடனே நில்லாது. நமக்குரிய கடும்பருவம் பனியன்று; ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையே. அப்போது டயருக்கும் சாலைக்கும் இடையே புகும் நீரை வரிப்பள்ளங்கள் வெளியேற்ற வேண்டும். பள்ளம் தேய்ந்துபோனால் வண்டி நீரின்மேல் மிதந்து திசை தவறும். காருக்கு 1.6 மில்லிமீட்டர் ஆழமேனும் இருத்தல் வேண்டுமென்பது நம் நாட்டு விதி. அது கடைசி எல்லையேயன்றி நல்ல நிலையன்று. இமயமலைச் சாலைகளில் குளிர்காலத்தில் செல்வோருக்கோ பனி டயரும் சங்கிலியும் தேவைப்படும்.

மழை தொடங்குமுன் உங்கள் வீட்டு வண்டியின் டயரைக் குனிந்து ஒருமுறை பாருங்கள். பள்ளம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அதற்குச் செலவாவது ஐந்து நிமிடம். காக்கப்படுவது உங்கள் உயிர் மட்டுமன்று. அதே சாலையோரம் நடந்து செல்பவரின் உயிருமாகும்.