காசில் நின்ற குதிரை

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் காசு என்றும் நேர்மை என்றும் இருபொருள் உண்டு. உலோகத்தின்மேல் அரசு பொறிக்கும் இலச்சினை, அதன் எடைக்கும் மாற்றுக்கும் அவ்வரசு தரும் உறுதிமொழியே ஆகும். அவ்விலச்சினைக்கு விலங்குருவைத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் தொன்மையானது, இன்றளவும் தொடர்வது.

1828 முதல் 1845 வரை உருசியப் பேரரசு இருதலைக் கழுகு பொறித்த பிளாட்டின ரூபிள்களை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை 1988-இல் கோவாலாவையும், 2011-இல் பிளாட்டிபஸ் என்னும் நீர்வாழ் விலங்கையும் பிளாட்டினக் காசுகளில் பொறித்தது. அமெரிக்க அரசு 1997-இல் தன் கழுகைப் பொறித்தது. கடைத்தெருவில் செலவிடுவதற்கன்றிச் சேமிப்பதற்கே இவற்றைச் செல்வர் வாங்குகின்றனர்.

நம் நடுநாட்டிற்கும் இவ்வகையில் ஒரு பெருமை உண்டு. திருவந்திபுரத்தைத் தழுவியோடும் கெடிலமும், அதற்கு வடக்கே ஓடும் தென்பெண்ணையும் கடலூரை அடுத்துக் கடலிற் கலக்கின்றன. பெண்ணைக் கரையில் மேற்கே அமைந்தது மலையமான்களின் திருக்கோவலூர். அங்கு ஆற்றுப்படுகையிற் கிடைத்த செப்புக் காசுகளில் ஒருபுறம் குதிரை நிற்கிறது; மறுபுறம் மலையும் ஆறும் காணப்பெறுகின்றன. மலையமான் என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பெற்ற காசுகளும் உண்டு.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி, குதிரைகளை வாரி வழங்கியவன் எனச் சிறுபாணாற்றுப்படை புகழ்கிறது. அக்காசு அவனே வெளியிட்டது எனத் துணிதற்கில்லை. எனினும் பாட்டிற் போற்றப்பெறும் குதிரை அக்குடியினரின் காசிலும் நிற்பது, இலக்கியச் சான்றும் தொல்பொருட் சான்றும் ஒன்றையொன்று தாங்குவதைக் காட்டுகிறது.

சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன் என்பன இலச்சினைகள். சங்ககாலத் தமிழ் வேந்தர் தம் பெயரிற் காசு வெளியிட்டிலர் எனக் கருதியோர் ஒருகாலத்தில் இருந்தனர். 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்த ‘பெருவழுதி’ எனப் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக் காசு அக்கருத்தை மாற்றிற்று. பிற்காலச் சோழர் காசில் புலியோடு மீனும் வில்லும் சேர்ந்து நிற்பது, மூன்று நாடுகளும் ஒரு குடைக்கீழ் வந்த செய்தியை ஓர் எழுத்துமின்றிச் சொல்லும்.

ஆற்று மணலைச் சலிப்போர் கையிற் கிடைக்கும் பழங்காசுகள் பழைய செம்பின் விலைக்குப் போய் உலையில் உருகுவதுண்டு. அமிலமிட்டுத் துலக்கினாலோ எழுத்தே மறைந்துவிடும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்கவேண்டும் என 1878-ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. ஆனால் செப்புக் காசைப் புதையலாக மதிப்பவர் எத்தனை பேர்?

பிளாட்டினக் காசு உருகினாலும் பிளாட்டினம் எஞ்சும். அதன் விலையும் எஞ்சும். மலையமான் காசு உருகினால் எஞ்சுவது சிறிது செம்பு மட்டுமே. ஆதலின் ஆற்றங்கரையூர் அன்பர்கள், தம் கைக்கு வரும் பழங்காசைத் துலக்காமலும் விற்காமலும், கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து உரியோரிடம் ஒப்படைப்பார்களாக. தமிழுக்குச் செய்யும் தொண்டுகளுள் அதுவும் ஒன்றாகும்.