கழுத்துக்குள் ஒரு கதவு

இன்னைக்கு ஒரு கதவோட கதை. மரக்கதவு இல்ல, மனுஷனோட கழுத்து எலும்பிலேயே செஞ்ச கதவு.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டிட்டே கேக்குறவங்க வீட்டுக்குப் போய் செஞ்சுக்கங்க. ஒரு கையை நீட்டி, விரல்களை முழுசா மடக்கி, முழுசா விரிங்க. பத்து செகண்டுல எத்தனை தடவை முடியுது? ஆரோக்கியமா இருக்குறவங்களால சாதாரணமா 20 தடவை செய்ய முடியும். 1987-ல ஓனோ என்ற ஜப்பானிய மருத்துவரும் சகாக்களும் எழுதிய கட்டுரையில் வர்ற சோதனை இது. கழுத்துல தண்டுவடம் நசுங்க ஆரம்பிச்சா, பல பேருக்குப் பெரிய வலியே இருக்காது. விரல்தான் மெதுவாகும். சட்டை பட்டன் போட நேரமாகும், நடை லேசா தள்ளாடும். வீட்டுல எல்லாரும் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்"னு விட்டுடுவாங்க. ஆபத்தே அங்கதான்.

உள்ள என்ன நடக்குது? கழுத்துல 7 எலும்புகள். அதுக்கு நடுவுல ஒரு குழாய் மாதிரி பாதை, அதுல தண்டுவடம். அந்தப் பாதையோட அகலம் முன்னும் பின்னுமா அளந்தா சராசரியா 17 மில்லிமீட்டர். 13-க்குக் கீழே போனா குறுகலான பாதைன்னு சொல்வாங்க. பிறவியிலேயே பாதை குறுகலா இருந்து, அதோட டிஸ்க் தேஞ்சு பிதுங்கினா இடமே இருக்காது.

இந்தத் தேய்மானமே தண்டுவடத்தை நசுக்கும்னு விரிவா விளக்கின முக்கியமான கட்டுரை 1952-ல வந்தது. எழுதின மூணு பேர்ல முதல் பேர் ரஸல் பிரெயின். நரம்பியல் மருத்துவருக்கு நிஜமாவே அந்தப் பேருதான்!

சரி, நசுங்குதுன்னா இடம் கொடுக்கணும். பழைய வழி, பின்பக்கத்துக் கூரையைக் கழட்டுறது. தண்டுவடத்துக்குப் பின்னால இருக்கும் எலும்புத் தகட்டுக்கு லேமினான்னு பேரு. அதை எடுத்துடுறது லேமினெக்டமி. 1829-லயே, மயக்க மருந்து புழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, அமெரிக்காவின் கென்டக்கியில் ஆல்பன் ஸ்மித் என்பவர் முதுகில் அடிபட்ட ஒருத்தருக்கு இதைச் செஞ்சார்.

கழுத்துல இதைச் செய்யும்போது ரெண்டு சிக்கல். ஒண்ணு, தகட்டைக் கடிச்சு எடுக்க, கருவியோட முனையைத் தகட்டுக்கு அடியில விடணும். அங்க ஏற்கெனவே இடமில்ல. நசுங்கின தண்டுவடத்தைக் கருவியும் சேர்ந்து அழுத்தினா, நடந்து வந்தவர் நடக்க முடியாமப் போகலாம். ரெண்டு, கூரை போனதும் பின்னால பிடிமானம் குறையுது. சில வருஷத்துல தலை முன்பக்கமா கவிழ்ந்து கழுத்தே வளைஞ்சிடலாம்.

அப்ப முன்பக்கமா போனா? 1958-ல ரெண்டு தரப்பு இதை வெளியிட்டாங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்மித், ராபின்சன். ஹவாயில் ரால்ஃப் கிளோவர்ட். பேர்ல் ஹார்பர் தாக்குதல்ல தலையில அடிபட்டவங்களுக்கு அறுவை செஞ்ச அதே கிளோவர்ட்தான். தொண்டைப் பக்கமா உள்ளே போய், டிஸ்க்கை எடுத்துட்டு, இடுப்பு எலும்புத் துண்டை வெச்சு ரெண்டு எலும்பையும் ஒட்ட வெச்சாங்க. ஒண்ணு ரெண்டு டிஸ்க் பிரச்சினைக்கு அருமையான வழி. இன்னைக்கும் உலகம் முழுக்க இது நடக்குது.

ஆனா ஜப்பான்ல பிரச்சினை வேற மாதிரி இருந்தது. தண்டுவடத்துக்கு முன்னால ஓடுற ஒரு தசைநார் கொஞ்சம் கொஞ்சமா எலும்பாவே மாறிடும். 1960-ல சுகிமோட்டோ ஒரு பிரேதப் பரிசோதனையில இதைக் கண்டு எழுதினார். அங்க நூத்துக்கு 2 முதல் 4 பேர் வரை இது இருக்கு. நாலஞ்சு எலும்பு நீளத்துக்குப் போகும். தண்டுவடத்தின் உறையோட ஒட்டியும் இருக்கலாம். முன்பக்கமா போய்ப் பிரிக்கப் பார்த்தா உறை கிழியும். ஆக, மறுபடியும் பின்பக்கம்தான்.

1968-ல கிரிட்டா ஒரு வழி சொன்னார். கருவியை அடியில விடவே வேண்டாம். வேகமா சுத்துற ட்ரில்லால எலும்பை மேலிருந்தே காகிதம் போல மெலிசாக்கி, அப்புறம் எல்லாத் தகட்டையும் ஒரே நேரத்துல திறக்கலாம். முதல் சிக்கல் தீர்ந்தது. கூரை போற சிக்கல் மட்டும் அப்படியே நின்னது.

1977-ல டோக்கியோ கெய்யோ பல்கலைக்கழகத்தின் கியோஷி ஹிராபயாஷி அதையும் தொட்டார். தகட்டைத் தூக்கினாலே இடம் கிடைச்சிடும்னா, எதுக்குத் தூக்கி எறியணும்? ஒரு பக்கம் முழுசா வெட்டு. மறுபக்கம் பாதி ஆழத்துக்கு மட்டும் பள்ளம். வெட்டின பக்கத்தை மெதுவா தூக்கினா, பள்ளம் விழுந்த பக்கம் பச்சைக் கொம்பு மாதிரி ஒடியாம வளையும். அதுதான் கீல். கதவு திறக்குது, தண்டுவடம் பின்னால நகர்ந்து விடுபடுது, கூரையும் இருக்கு. இதுக்குப் பேரு லேமினோபிளாஸ்டி. 1982-ல குரோகாவா நடுவுல பிளந்து, ரெண்டு பக்கமும் திறக்குற இரட்டைக் கதவு முறையை வெளியிட்டார்.

திறந்த கதவு மூடிக்கிட்டா? அந்தக் கவலையும் இருந்தது. முதல்ல நூலால இழுத்துக் கட்டினாங்க. பிறகு எலும்புத் துண்டு, செராமிக் துண்டு வெச்சு முட்டுக் கொடுத்தாங்க. இப்ப சின்ன டைட்டானியத் தகடுகள் வந்தாச்சு.

இதுவும் எல்லாருக்கும் பொருந்தாது. கழுத்து ஏற்கெனவே முன்னால வளைஞ்சிருந்தா, கதவைத் திறந்தாலும் தண்டுவடம் பின்னால நகராது. சிலருக்கு அறுவைக்குப் பிறகு தோளைத் தூக்க முடியாத பலவீனம் வரும். பெரும்பாலும் அது சில மாசத்துல சரியாகும். முன்பக்கமா, பின்பக்கமாங்கிற வாக்குவாதம் இன்னும் ஓயல. 2021-ல வட அமெரிக்காவில் 163 நோயாளிகளை வெச்சு வந்த ஆய்வுல, ஒரு வருஷம் கழிச்சு அவங்களோட உடல் செயல்பாட்டுல ரெண்டு வழிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்ல.

ஆனா ஒரு விஷயத்துல வாக்குவாதம் கிடையாது. அறுவை முக்கியமா செய்யுறது, நசுங்கல் மேலும் போகாம நிறுத்துறது. ரொம்ப நாள் நசுங்கிச் சேதமான தண்டுவடம் முழுசா பழையபடி ஆகாது. எப்ப போறோம்ங்கிறதுதான் பாதி வைத்தியம்.

ஜப்பானிய எலும்பு மருத்துவர் சங்கம் 1975-ல இந்த நோயை அளக்க 17 மதிப்பெண் கணக்கு ஒண்ணு வகுத்தது. அதுல கைக்கான முதல் கேள்வியே சாப்பாட்டுக் குச்சியைப் பிடிச்சுச் சாப்பிட முடியுதாங்கிறதுதான். பின்னாடி மேற்கு நாடுகளுக்காக மாத்தினப்ப, குச்சி போய் ஸ்பூனும் சட்டைப் பட்டனும் வந்தது. எங்க கேட்டாலும் கேள்வி ஒண்ணுதான்: தினசரி வேலையைக் கை செய்யுதா?

உங்க வீட்டுல அப்பாவோ பாட்டியோ பட்டன் போடத் தடுமாறுனா, சோறு பிசையும்போது விரல் ஒத்துழைக்கலைன்னா, வயசு மேல பழியைப் போடாதீங்க. ஒரு நரம்பியல் மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.